பல் மாறிய காட்சி

அன்பு மகளுக்கு,

இங்கே உன் அம்மாவின் முட்டிவலி உட்பட எல்லாரும் சௌக்கியம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பது மட்டும்தான் தெரியவில்லை. இனி நான் சொல்லப்போவதை மூவுலகிலும் ஒரு ஜீவன் நம்பாது என்று என் மீசைமேல் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன். நீ எழுதிய குத்துச்சண்டைப் படத்தைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டதும், இனி எழுதவே மாட்டேன் என்று அம்மாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு நீ போனை எடுக்காமல் இருப்பதும் தெருவுக்கே தெரியும். இரண்டு கிழவர்கள் அடித்துக்கொள்கிறார்கள், வலி நமக்கு என்று ஒருவன் எழுதியிருந்தான். கீழே விழுந்த பல்செட்டைக் கிழவர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளும் காட்சியை எந்த மடையன் நம்புவான் என்று இன்னொருவன். பல்செட் செய்தே உன்னைப் படிக்கவைத்த என் அண்ணன், அதாவது உன் அப்பா, அதைப் படித்துவிட்டு விட்ட பெருமூச்சில் கடையின் கண்ணாடி விரிசல் விட்டது. உடனே கடையைச் சாத்திவிட்டு என்னைத் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனார். போனால், முன்வரிசையில் எதிர்க்கடைக்காரர். அவருக்கும் பல்செட் தொழில்தான், உனக்குத் தெரியாததா. நீ தவழ்ந்த காலத்தில் அவர் பெரிய பல் வரைந்த பலகை மாட்ட, இவர் அதைவிடப் பெரிய பல் மாட்ட, பேச்சு நின்று பலகைகள் மட்டும் வளர்ந்தன, இப்போது விமானமெல்லாம் எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.

அந்தக் காட்சி வந்தது. கிழவர்கள் பல்லை மாற்றி மாட்டிக்கொண்டு கணீரென்று சவால் விட்டார்களா, இங்கே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, அது எப்படிய்யா உக்காரும், ஆளுக்கு ஆள் ஈறு வேற இல்ல என்று ஒரே குரலில் கத்தினார்கள். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் கூரை பறந்து பக்கத்து ஊரில் விழுந்தது. வெளியே வந்தும் விடவில்லை. ஆனா மேல்செட்டு மட்டும் நிக்கும்யா என்கிறார் அண்ணன். உன் செட்டு உன் வாயிலயே நிக்காது, இதுல அடுத்தவன் வாயில வேறயா என்கிறார் அவர். வாக்குவாதம் எதிர்க்கடைக்குள் போய், குழாயடியில் கழுவி, ஒருவர் பல்லை ஒருவர் மாட்டிக்கொள்வதில் முடிந்தது. உன் அம்மா தேடிக்கொண்டு வந்து பார்த்தால், புருஷன் வாயில் விரோதியின் பல். இரண்டு பேரும் ஏதோ குழறுகிறார்கள், ஒரு எழுத்து புரியவில்லை, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். அவரவர் பல் அவரவர் வாய்க்குத் திரும்பியதும் எதிர்க்கடைக்காரர் சொன்னார், புள்ள நம்ம ரெண்டு பேரைத்தான்யா எழுதிருக்கா, ஆனா பல்லு மாறினா பேச்சு வராது, அதை மட்டும் அடுத்த படத்துல திருத்தச் சொல்லு என்று. அண்ணன் தன் பல்லை அழுத்திச் சரிசெய்துகொண்டு, அவ போனை எடுத்தாத்தானேய்யா சொல்ல முடியும் என்றார்.

ஆகவே எடு. சந்தேகம் இருந்தால் எழுதும்போதே இந்த இரு வல்லுநர்களையும் கேள், இலவசம். நூறு படம் எழுதி, நூறையும் பத்திரிகைகள் திட்ட, நாங்கள் சிரிக்க, நீ நீடூழி வாழ்க. கூரை அங்கேயேதான் இருக்கிறது, விமானத்துக்கும் நம் தெருவுக்கும் சம்பந்தமில்லை, கண்ணாடி நான் சாய்ந்து உடைத்தது. பல் மாற்றிக்கொண்டது மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா