பெரியம்மாவின் இலவச கேபின்

14 நவம்பர் 2024, வியாழன்

சமூக அறிவியல் தேர்வு நன்றாகவே எழுதினேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் நேரம் போதவில்லை.

மாலையில் கனடாவிலிருந்து பெரியம்மா வீடியோ அழைப்பில் வந்தார். அம்மா சமையலறையில் இருந்தார். எங்கள் பிளாட்டில் மூன்று குடும்பங்கள், ஆளுக்கொரு ரூம், எல்லோருக்கும் ஒரே சமையலறை. யார் எப்போது சமைப்பது என்று பக்கத்து ரூம் ரஹீமா ஆன்ட்டி ஓர் அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். எங்கள் முறை ஆறிலிருந்து ஏழு. பேசிக்கொண்டே நின்றால் எங்கள் குழம்பு அடுத்தவர் நேரத்தில் கொதிக்கும். அதனால் நான் போனைப் பிடித்துக்கொண்டேன், அம்மா கிளறிக்கொண்டே கேட்டார்.

டிசம்பரில் பெரியம்மா துபாய்க்கு வருகிறாராம். எங்கள் வீட்டுக்கு இல்லை, கப்பலுக்கு! இங்கிருந்து புறப்பட்டு ஒரு வாரம் வளைகுடாவைச் சுற்றும் பெரிய கப்பல். அதில் அவருக்கு ஒரு கேபின் இலவசம். அம்மாவும் நானும் அதே கேபினில் தங்கலாம்.

“ஆர் அக்கா சும்மா கப்பலிலை ரூம் குடுக்கிறது?”

“கசினோக்காரர்.”

அம்மாவின் அகப்பை அப்படியே நின்றது.

“என்னடி முழிக்கிறாய்? மிசினிலை விளையாடினால் புள்ளி தருவினம். புள்ளி சேர்ந்தால் ரூம் தருவினம். துபாய்க் கப்பலும் லிஸ்டிலை கிடந்துது. எடுத்திட்டன். மாட்டன் எண்டு மட்டும் சொல்லாதை.”

அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துப் பதினொரு வருடம். அப்போது எனக்கு மூன்று வயது. பெரியம்மாவின் முகம் எனக்குப் போன் திரை அளவில்தான் தெரியும்.

16 நவம்பர், சனி

அம்மா இன்னும் ‘ஓம்’ சொல்லவில்லை. அப்பாவுக்கு லீவு கிடையாது. அவர் வேலை பார்க்கும் ஸ்டோரில் டிசம்பர்தான் சரக்கு எண்ணும் மாதம். “நீங்கள் போயிட்டு வாங்கோ. அக்கா ஆசையாக் கேக்கிறா,” என்கிறார்.

ரஹீமா ஆன்ட்டியிடம் அம்மாவே போய்க் கேட்டார். “சூதாட்டக் கப்பலாமே அருணா!” என்று ஆன்ட்டி முதலில் வாயில் கை வைத்தார். பிறகு, “கூடப் பொறந்தவளப் பாக்கத்தானே போற? போயிட்டு வாம்மா. அந்த மிஷின மட்டும் தொட்றாத, என்ன?”

“சீ, நான் ஏன் அதைத் தொடப்போறன்?”

17 நவம்பர், ஞாயிறு

ஓம் சொல்லிவிட்டார்!!

21 டிசம்பர், சனி

துறைமுகத்தில் பெரியம்மாவை நான்தான் முதலில் கண்டேன். போனில் பார்த்ததைவிடச் சிறிய உருவம். ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். இருவரும் விடவே இல்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கேபினுக்கு ஜன்னல் இல்லை. தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசை கப்பலின் முன்பக்கக் கடலை நாள் முழுக்கக் காட்டுகிறது. அதுதான் எங்கள் ஜன்னல். என் கட்டில் சுவரிலிருந்து இறங்குகிறது, ஏணி வைத்து ஏற வேண்டும். எங்கள் ரூமைவிட இது சிறியது. ஆனாலும் அம்மா குளியலறைத் துவாயைத் தடவித் தடவிப் பார்க்கிறார்.

எங்கள் மூவருக்கும் ஆளுக்கொரு கார்ட் கொடுத்தார்கள். கேபின் கதவுக்கும் அதுதான், சாப்பாட்டுக்கும் அதுதான். பெரியம்மா தன்னுடையதை ஒரு சுருள் கயிற்றில் மாட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறார்.

இவ்வளவு பெரிய கடலை எனக்குக் காட்டியதற்கு நன்றி, பெரியம்மா.

22 டிசம்பர், ஞாயிறு. கடலில்

கப்பல் கரையில் நிற்கும்போது கசினோ பூட்டியிருக்கும். கரையை விட்டு வெகுதூரம் போனபின்தான் திறப்பார்கள். இன்று முழுக்கக் கடல், அதனால் காலையே திறந்துவிட்டார்கள்.

பதினெட்டு வயதாகாதவர்கள் உள்ளே கால் வைக்கக்கூடாது. சிவப்புக் கம்பளம் முடிந்து நீலக் கம்பளம் தொடங்கும் இடம்தான் எல்லை. நீலத்தில் ஒரு நாற்காலி இருந்தது. புத்தகத்தோடு அங்கே உட்கார்ந்தேன். தேநீர் குடிக்கப் பெரியம்மா எழுந்து வந்தபோது கேட்டேன், விளையாடினால் ஏன் டிக்கெட் விலையைக் குறைக்கிறார்கள் என்று.

“இந்தக் கார்ட்டை மிசினுக்குள்ளை செருகவேணும். எவ்வளவு காசு ஓடுது எண்டு அது எண்ணிக்கொண்டே இருக்கும். வெண்டாலும் ஒண்டுதான், தோத்தாலும் ஒண்டுதான், புள்ளி ஏறும். கொஞ்சம் ஏறினால் அடுத்த பயணம் குறைஞ்ச விலை. நல்லா ஏறினால் ரூம் சும்மா, துறைமுக வரி மட்டும் கட்டினால் போதும்.”

“அப்ப ரூமுக்கான காசை மிசினுக்கு முதலே குடுத்திட்டீங்கள்தானே, பெரியம்மா?”

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கன்னத்தைக் கிள்ளினார். “எனக்கு இது விளங்க மூண்டு பயணம் எடுத்தது.”

பெரியப்பா இறந்தபிறகுதான் இந்தப் பழக்கம். பெரியம்மா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். கூட வேலை செய்யும் பெண்கள் ஃப்ளோரிடாவிலிருந்து போகும் கப்பலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். தனியாக வீட்டில் இருப்பதைவிட அது பரவாயில்லையாம்.

தேநீர் முடிந்ததும் திரும்பப் போய்விட்டார். மத்தியானம் வரை வரவில்லை. அம்மா என் பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினொரு வருடம் கழித்து அம்மா பார்த்துக்கொண்டிருப்பது அக்காவின் முதுகை.

“ஒருக்கா எழும்பி வாறாவோ பார்,” என்றார். கண் கலங்கியிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அவர் தந்த கேபினில் இருந்துகொண்டு அவர்மேல் கோபப்படலாமா? — படலாம். இப்ப படுறன்தானே.

23 டிசம்பர், திங்கள். தோஹா

கசினோவுக்கு இன்று பூட்டு. பலர் ஊர் பார்க்க இறங்கிப் போனார்கள். நாங்கள் இறங்கவில்லை. மேல்தளத்தில் ஆளே இல்லை. வெயில் இதமாக இருந்தது. அம்மா எண்ணெய்ப் போத்தலோடு வந்தார்! கைப்பையில் அதையும் வைத்திருந்திருக்கிறார்.

பெரியம்மாவை முன்னால் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தார். நான் அடுத்த நாற்காலியில் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

“ஏனக்கா இந்த மிசினிலை போய் விழுந்தனீ? உழைக்கிற காசெல்லாம்...”

பெரியம்மா திரும்பாமலே சொன்னார்.

“நான் உன்னைக் கேட்டனான்தானே, வரட்டோ எண்டு? ஒரு முறையே, ரெண்டு முறையே? ஒவ்வொரு முறையும் ரூம் சின்னன், பாத்ரூம் பொது, உனக்குச் சரிவராது எண்டாய். பிறகு நான் கேக்கிறதை விட்டிட்டன். கப்பல் எண்டால் உனக்கு வெக்கம் இல்லை. ரூம் என்ரை.”

அம்மாவின் கை நின்றது.

“லிஸ்டிலை துபாய் எண்டு கண்டபிறகுதான் விழுந்து விழுந்து விளையாடினனான். நேற்றும் அதுதான். இந்த முறை புள்ளி போதாட்டி வாற வருசம் தரமாட்டினம்.”

அம்மா சீப்பை எடுத்து, எண்ணெய் வைத்த தலையை மறுபடி முதலிலிருந்து வாரத் தொடங்கினார்.

நேற்று எழுதிய கடைசி வரியை அடிக்கலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. அதன் கீழே இதை எழுதுகிறேன்: என்னை மன்னியுங்கோ, பெரியம்மா.

24 டிசம்பர், செவ்வாய்

மாலையில் கசினோ திறந்தது. பெரியம்மா போகவில்லை. சீட்டுக்கட்டு எடுத்து மூவரும் கடதாசி விளையாடினோம். பெரியம்மா கள்ளம் அடிக்கிறார்.

25 டிசம்பர், புதன். கடலில்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கசினோவைத் தாண்டிப் போகும்போது அதன் வாசல் மேசையில் வேலை பார்க்கும் பிலிப்பினோப் பெண் பெரியம்மாவைக் கூப்பிட்டார். இதுவரை விளையாடியது அடுத்த வருட இலவச கேபினுக்குப் போதாது, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னார். நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். “கிடக்கட்டும்,” என்று பெரியம்மா எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

சாப்பிட்டதும் பெரியம்மா தூங்கப் போனார். அம்மா என்னை நீலக் கம்பளத்து நாற்காலிக்குக் கூட்டிவந்து, “இதிலை இரு,” என்றார். அவர் மட்டும் சிவப்புக் கம்பளத்தில் நடந்து போனார். என் அம்மா!

பெரியம்மா உட்காரும் அதே இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்தார். வீட்டில் தையல் மெசினில் வேலை தொடங்குமுன் செய்வதுபோல இந்த இயந்திரத்தையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தன் கார்ட்டைச் செருகி, லிஃப்ட் வராதபோது அழுத்துவதுபோலப் பொத்தானை அழுத்தத் தொடங்கினார். சில நேரம் இயந்திரம் பாட்டுப் பாடியது. அம்மா பயந்து சுற்றிப் பார்த்தார். மீண்டும் அழுத்தினார். ஒன்றரை மணி நேரம்.

திரும்பி வந்து உட்கார்ந்து கைப்பையைத் திறந்து காட்டினார்.

“முடிஞ்சுது. பிளவுஸ் தைச்ச காசு.”

சத்வாவில் ஒரு கடைக்கு அம்மா பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். ஒன்றுக்கு எவ்வளவு தருவார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை பிளவுஸ் என்று கேட்கவில்லை.

“ஏனம்மா?”

“ஒரே ரூம்தானே. புள்ளி அக்காவுக்குப் போகும். வாற வருசமும் அவ வரவேணும். அப்பாவுக்கு நானே சொல்லுவன். அக்காவுக்குச் சொல்லாதை.” கொஞ்சம் கழித்து, “ரஹீமாவுக்குச் சொல்லவே சொல்லாதை.”

28 டிசம்பர், சனி

துறைமுகத்திலிருந்தே பெரியம்மா விமான நிலையம் போய்விட்டார். அங்கிருந்து அல் குசைஸில் எங்கள் வீடு கொஞ்ச தூரம்தான். “ஒருக்கா வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்று அம்மா சொல்லப்போகிறார், சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வாய் திறந்தது. டாக்ஸிக் கதவு மூடியது.

14 பெப்ரவரி 2025, வெள்ளி

அம்மாவின் மின்னஞ்சலை நான்தான் பார்ப்பேன். இன்று கப்பல் கம்பெனியிலிருந்து ஒன்று வந்திருந்தது. சமையலறையில் எங்கள் முறை. தமிழாக்கி உரக்கப் படித்தேன்.

“அன்புள்ள அருணா பத்மநாதன், எங்கள் கசினோவில் உங்களைக் காணாமல் வருந்துகிறோம். அடுத்த டிசம்பர் துபாய்ப் பயணத்தில் ஜன்னலில்லாத கேபின் உங்களுக்கு நாற்பது விழுக்காடு குறைந்த விலையில்...”

“என்னையோ? என்னை ஏன் தேடுகினம்?”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேபின் ஒன்று. ஆனால் கார்ட் மூன்று. அம்மா செருகியது அம்மாவின் கார்ட். புள்ளியெல்லாம் அம்மாவின் பெயரில் ஏறியிருக்கிறது!

வாசலில் ஒரு சத்தம். ஏழு மணி ஆகிவிட்டது என்று சொல்ல வந்த ரஹீமா ஆன்ட்டி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

“அடி அருணா! தொட்டுட்டியா நீ!”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். ஆன்ட்டிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவுக்கு. பெரியம்மாவை அழைத்தோம். அவருக்கு எந்தச் சலுகையும் வரவில்லையாம். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

“சூதாடி! நீயே என்னைக் கூட்டிக்கொண்டு போ இனி. நாற்பது விழுக்காடு!”

அம்மா சிரிப்பதை நிறுத்தினார்.

“கப்பல் வேண்டாம், அக்கா. இஞ்சை வா.”

பெரியம்மாவும் நிறுத்தினார்.

“ஒரு ரூம்தான். நீ கட்டிலிலை படு, நானும் இவளும் கீழை படுப்பம். பாத்ரூமுக்கு லைன் இருக்கும். சமையல் ஆறிலையிருந்து ஏழு மட்டும்தான். மற்ற ரெண்டு குடும்பத்தின்ரை சத்தம் எல்லாம் கேக்கும்.” எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். “வருவியோ?”

“ஜன்னல் இருக்கோ?”

“இருக்கு. எதிர் பில்டிங்தான் தெரியும்.”

“அப்ப அந்தக் கப்பலைவிட நல்ல ரூம்,” என்றார் பெரியம்மா. மறுபடி கண்ணாடியைக் கழற்றினார்.

எங்கள் நேரம் முடிந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஆன்ட்டி அடுப்பை மறுபடி பற்றவைத்தார். எங்கள் பருப்பைத் தானே கிளறிக்கொண்டு நின்றார்.

3 மார்ச், திங்கள்

அந்த மின்னஞ்சலை நீக்கட்டுமா என்று கேட்டேன். “கிடக்கட்டும். எனக்கெண்டு வந்த கடிதம்,” என்றார் அம்மா.

20 டிசம்பர் 2025, சனி

பெரியம்மா வந்து நான்கு நாள். அப்பா தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு முவைலாவில், தன்னோடு வேலை பார்க்கும் சீதாராமன் மாமாவின் ரூமுக்குப் போய்விட்டார், இரண்டு வாரத்துக்கு. “எனக்கும் ஒரு விடுமுறைதானே,” என்றார். அங்கே நான்கு பேர் இருக்கிறார்கள். அப்பா, நன்றி.

பெரியம்மா கட்டிலில் படுக்க மாட்டேன் என்கிறார். மூவரும் கீழே படுக்கிறோம். கட்டிலில் என் புத்தகங்கள். பெரியம்மாவின் கழுத்தில் அதே சுருள் கயிறு தொங்குகிறது, அதில் எங்கள் பிளாட்டின் சாவி.

ஃபிரிட்ஜ் கதவில் புது அட்டவணை. ரஹீமா ஆன்ட்டி தன் காலை நேரத்தில் பாதியை வெட்டிக்கொடுத்து, அதில் பெரியம்மாவுக்காக ‘பிரபாவதி அக்கா’ என்று சிவப்புப் பேனாவால் எழுதியிருக்கிறார்.

இன்று மாலை பெரியம்மா எல்லோருக்கும் புட்டு அவிக்கிறேன் என்று ஆறு மணிக்கு முன்பே சமையலறைக்குள் போய்விட்டார். “அக்கா, உங்க டைம் காலைலதானே!” என்று ஆன்ட்டி ரூமிலிருந்தே கேலியாகக் கத்தினார்.

“அவ என்ரை டைமிலை நிக்கட்டும்!” என்று அம்மாவும் கத்திக்கொண்டு உள்ளே போனார்.

அந்தச் சமையலறையில் ஒருவர் தாராளமாக நிற்கலாம். இரண்டு பேர் நின்றால் தோள் இடிக்கும். எனக்கு இடமில்லை. வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு முதுகுகள்.