அஸ்லத்தின் பெருவிரல்கள்

சனி, இரவு

இன்று முந்தல் மைதானத்தில் மாவட்ட அணிக்கு ஓட்டக்காரர்களைத் தெரிவு செய்தார்கள். தங்கச்சி மகன் அஸ்லம் ஓட்டத்தில் கடைசியாக வந்தான். அடுத்த வருஷம் வயது கடந்துவிடும், இனி வாய்ப்பே இல்லை. அவனுடைய கால் என் கால். அந்த வயதில் நான் கொழும்பு பஸ்ஸையே முந்தியவன்.

ஒரு மாதமாக நடுச்சாமத்திலும் அவன் அறையில் வெளிச்சம். பிள்ளை எழும்பித் தஹஜ்ஜுத் தொழுகிறான் என்று மதுரங்குளித் தேத்தண்ணிக் கடை முழுக்கச் சொன்னேன். அழுதழுது அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறான் என்பதையும் நானே சேர்த்தேன்.

இன்று ஓட்டம் முடிந்ததும் கோச் அவன் சிவந்த கண்ணைப் பார்த்தார். "ராவு முழுக்க போன்ல கேமா?"

"ஓம் சேர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப தொழுகை எங்கடா?"

"தொழுறன் எண்டு சொன்னது நீங்கதான் மாமா. கடையில எல்லாரும் எங்களுக்கும் துஆச் செய் எண்டு கேக்கக்குள்ள எனக்கு வெக்கமா இருந்திச்சி."

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினான். தூக்கத்திலும் இரண்டு பெருவிரலும் போனைத் தட்டுவதுபோல ஆடின. பொத்திப் பிடித்தேன். என் கைக்குள்ளும் ஆடின.

நாளைக்குக் கடையில் கேட்டால் கால் பிரண்டுவிட்டது என்று சொல்லுவேன், நம்புவார்கள். அந்த விரலைப் பற்றி யாரிடம் சொல்ல?