எரியாத வெயில்

மச்சான், இன்று காலை பக்கத்து வளவுக்காரர் வேலிக்கரைக் கற்றாழையை வெட்டிக் குவித்தார்கள். அந்தப் பச்சை மணம் குசினி யன்னலால் உள்ளே வந்தது. தேநீர்த் தண்ணீர் கொதித்து வற்றியதுகூடத் தெரியாமல் அடுப்படியில் நின்றிருக்கிறேன். ஊருக்கு அது கற்றாழை மணம். எனக்கு அது இன்னமும் உங்களுடைய கழுத்து மணம்தான்.

தோல், மயிர், இமை எல்லாம் வெள்ளையாகவே பிறந்தவர் நீங்கள். மாமி உங்களுக்கு என்னைக் கேட்டு வந்தபோது ஊர் முழுக்க எனக்காக இரங்கியது. உங்களுடைய நிறத்தை விட அந்த இரக்கம்தான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மூதூருக்குப் போகிற லோஞ்சுப் படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கிற வேலை உங்களுக்கு. கூரை இல்லாத துறை. மேலே சூரியன், கீழே அதைத் திருப்பி முகத்தில் அடிக்கிற கடல். இங்கிலீசுக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன காலம் அது. நீங்கள் 'நானா' என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிற மூதூர் வியாபாரி ஒருவர் லோஞ்சு ஏறும்போதெல்லாம் உங்களைச் சீண்டுவார்.

"வெள்ளக்காரன் எல்லாரும் கப்பலேறிப் போயிட்டானுகள், உங்கள மட்டும் ஏன் தம்பி விட்டுட்டுப் போனவன்?"

"டிக்கெட் கிழிக்க ஆள் வேணுமெண்டு விட்டவங்கள், நானா."

துறையே சிரிக்கும். நீங்களும் சிரிப்பீர்கள். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மட்டும் சிரிப்பு இராது. காதும் கழுத்தும் வெந்து, தண்ணீர் பட்டாலே துடிப்பீர்கள்.

எரிவு தொடங்கியதும் பெட்டிக்கடை நிழலுக்கு ஓடிவிடுவது உங்கள் வழக்கம். சனங்கள் அங்கே வந்து டிக்கெட் வாங்குவார்கள். லோஞ்சு முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. "துறைப் படியில நிண்டு குடுக்க ஏலாதெண்டால் சொல்லும், வேறை ஆளைப் பாக்கிறன்" என்றுவிட்டார். உங்களுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

அப்போதுதான் நீங்களே அந்தப் பூச்சைக் கூட்டினீர்கள். கற்றாழைச் சோறு, கஸ்தூரி மஞ்சள், சந்தனம், தேங்காய் எண்ணெய். அம்மியை என்னிடம் விடவில்லை, நீங்களேதான் அரைத்தீர்கள். நம்முடைய ஆட்களுக்கு நோய், வருத்தம் என்றால் சூடு, மருந்து என்றால் குளிர்மை. அதற்கு மேல் நாங்கள் யோசிக்கவில்லை. முதல் நாள் பூசிக்கொண்டு போய்ப் பின்னேரம் வந்து முற்றத்திலேயே நின்று சொன்னீர்கள்: "இஞ்ச பாரும் மச்சாள், எரியேல்லை."

அன்றோடு நிழலை விட்டீர்கள். காலையிலிருந்து கடைசி லோஞ்சு வரைக்கும் படியிலேயே நின்றீர்கள், வருஷக்கணக்காக. கலியாணப் பெண்ணுக்கு வேண்டும் என்று பூச்சைக் கேட்டு அயலவர்கள் வந்தபோது உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. மகள் உங்களுடைய தோலோடு பிறந்தாள். நான் அழுதேன். நீங்கள் பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, "பயப்பிடாதையும், என்னட்டை மருந்து இருக்கு" என்றீர்கள்.

பிறகு கீழ் உதட்டில் அந்தப் புண் வந்தது. அதற்கும் பூச்சைத்தான் வைத்தீர்கள். அது ஆறாமல், ஓரம் தடித்துக்கொண்டு வந்த பிறகே ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை.

"பச்சிலை எரிவைத்தான் நிப்பாட்டும் ஐயா, வெயிலை நிப்பாட்டாது. முந்தி எரிஞ்சபடியால் நிழலுக்கு ஓடினீங்கள். எரியேல்லை எண்டவுடனை நிண்டிட்டீங்கள். தோல் உள்ளுக்குள்ளை வெந்துகொண்டுதான் இருந்திருக்கு."

திரும்பி வரும்போது ஓர்ஸ் ஹில் மேட்டு இறக்கத்தில், "அப்ப அந்த எரிவுதான் எனக்குக் காவலா இருந்திருக்கு" என்றீர்கள். கொழும்புக்கு அனுப்பினார்கள், புற்றை வெட்டினார்கள். அது கழுத்துக்கு இறங்கிவிட்டது. கடைசி நாட்களில் கஞ்சிகூட விழுங்க ஏலாமல் என்னைப் பார்த்தபடி கிடந்தீர்கள். கோணேசர் கோயில் படி ஏறுவதை நான் விட்டுவிட்டேன். அங்கே கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை.

இப்போது வீட்டில் பூச்சு இல்லை. பிள்ளைக்கு முழுக்கைச் சட்டை, குடை, நிழல்; மேகம் மூடினாலும் வெயில் தோலுக்குள் இறங்கும் என்று டாக்டர் சொன்னதால் மப்பு நாளிலும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரம் என்றால் அவள் வகுப்புக்குள் தனியே இருப்பாள். எனக்கு மிஞ்சியது உங்களுடைய புத்தி இல்லை, உங்களுடைய சிரிப்பு இல்லை. இந்தப் பயம் ஒன்றுதான். எழும்பும்போதும் படுக்கும்போதும் அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன். வெயிலைப் பூட்டி வைக்க என்னால் ஏலுமா?

நேற்று மப்பு. அவள் குடையை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பின்னேரம் ஓடி வந்து, மூச்சு வாங்க என் முன்னால் நின்றாள். "அம்மா, நானும் எல்லாரோடையும் விளையாடினனான். முழுநாளும் வெளியிலதான் நிண்டனான். கொஞ்சமும் எரியேல்லை."

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.