வான்கோழி உருண்டைக்கு உப்புப் பார்த்தவன்

சகலை,

பொட்டுக்கடலையும் சோம்பும் சேர்ந்து மிக்ஸியில் அரைபடும் வாசனை, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு மாடிப்படியிலேயே என்னை மறித்தது. நீங்கள் போனபிறகு அந்த அடுப்பில் வான்கோழி உருண்டைக் குழம்பு ஏறுவது இதுதான் முதல் தடவை. வயிறு எரிந்தது. பசி என்று என் மனைவியிடம் சொன்னேன். பொறாமை என்று உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

நீங்கள் வரும்வரை நம் மாமியார் வீட்டுக்கு நான் ஒருவனே மாப்பிள்ளை. ஈரல் எனக்கு, எலும்பு மற்றவர்களுக்கு என்று எழுதாத சட்டமே இருந்தது. பிறகு சின்ன மாப்பிள்ளையாக நீங்கள் வந்தீர்கள், ஹனூரில் உங்கள் அண்ணன் வளர்த்த வான்கோழியைக் கறியாக்கி, கொள்ளேகால் பஸ்ஸில் மைசூர்வரை மடியில் வைத்துக்கொண்டு.

"அத்தை, நீங்க உக்காருங்க. குழம்பு கொதிக்கறதுக்குள்ள முடிச்சுப் போடறேனுங்க" என்று லுங்கியை மடித்துக் கட்டினீர்கள். மாமியார் வீட்டுச் சமையலறையில் ஒரு மாப்பிள்ளை லுங்கியை மடித்துக் கட்டுவது, மற்ற மாப்பிள்ளைக்குச் செய்யும் துரோகம். எனக்குத் தெரிந்தது வெந்நீர். அதிலும் பாத்திரத்தைத் தீய்த்திருக்கிறேன்.

கறியை மிக்ஸியில் இரண்டு சுற்று. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், பொட்டுக்கடலை மாவு. பிசைந்து உருட்டி, பொரிக்காமல் கொதிக்கிற குழம்பிலேயே நழுவவிடுவீர்கள். வான்கோழிக் கறி வறண்ட சாதி, பொரித்தால் கட்டையாகிவிடும் என்பீர்கள். மழை பிடித்துக்கொண்டால், பரீட்சையில் மார்க் குறைந்தால், யாருக்காவது ஜலதோஷம் என்றால், என் பிள்ளைகள் "சித்தப்பா, உருண்டை" என்று உங்களுக்குத்தான் போன் போட்டார்கள். பெற்ற அப்பன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன்.

உங்கள் மகள் நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று மாதேஸ்வரன் மலையில் வேண்டிக்கொண்டு கறியை விட்டீர்கள். சாப்பிடுவதை மட்டும், சமைப்பதை அல்ல. அதனால் உப்புப் பார்க்க வேறொரு நாக்கு தேவைப்பட்டது. முதலில் ஒற்றை உருண்டையைக் குழம்பில் விட்டு, அது உடையாமல் வெந்து மேலே வந்ததும் கரண்டியில் ஏந்திக் கூப்பிடுவீர்கள்.

"சகலை, வாங்க, உப்புப் பாருங்க."

"ஏனுங்க, நான் என்ன சோதனை எலியா?"

"எலிக்கு இத்தன மசாலா போடுவாங்களா? வாயத் தொறங்க."

நாக்கு பொத்துப்போகும். இன்னும் ஒரு கல் உப்பு, இறக்கினதும் அரை மூடி எலுமிச்சை என்று முனகுவேன். மறுபேச்சில்லாமல் போடுவீர்கள். அப்புறம் சட்டியோடு நீங்கள் கூடத்துக்கு வர, அத்தனை ஆரவாரமும் உங்களுக்கு. "சின்ன மாப்ள கைப்பக்குவமே தனி" என்று மாமியார் திருஷ்டி கழித்து நெட்டி முறிப்பார். கை உங்களுடையது, சரி. நாக்கு யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்களாவது சொல்வீர்கள் என்று பார்ப்பேன். என் தட்டில் இன்னோர் உருண்டையை வைத்துவிட்டுக் கண்ணடிப்பீர்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள்தான் உருட்டினாள். உங்களைப் போலவே முதலில் ஒற்றை உருண்டை. அது மேலே வந்தது. நான் தற்செயலாக நிற்பவனைப்போல வாசற்படியில் நின்று தொண்டையைக்கூடக் கனைத்துக்கொண்டேன். அவள் அதை எடுத்து, ஊதி, தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்!

"தொட்டப்பா, ஹால்ல உக்காருங்க. ஐது நிமிஷ, ஆயித்து." பெரியப்பா என்பது அவள் வாயில் என்றைக்குமே கன்னடத்தில்தான் வரும்.

அவளுக்கு வேண்டுதல் ஏதும் இல்லை. சொந்த நாக்கு இருக்கிறது. இத்தனை வருஷம் சூடுபட்டுச் சம்பாதித்த பதவி ஒரு வாயில் போயிற்று. அந்த வீட்டில் இனி என்னை எதற்குக் கூப்பிடுவார்கள், சகலை? நாற்காலி நகர்த்தவா?

நீங்கள் போனதிலிருந்து தட்டைத் தள்ளித் தள்ளி வைக்கும் மாமியார், பேத்திக்காக ஒரு விள்ளல் வாயில் வைத்தார். "எல்லாம் போட்டிருக்கற கண்ணு. ஆனா சின்ன மாப்ள பண்றாப்ல இல்ல" என்று எழுந்துகொள்ளப் பார்த்தார். எல்லோரும் உங்கள் படத்தைப் பார்த்தார்கள். உங்கள் மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு, சொல்ல வெட்கம், உள்ளுக்குள் ஒரு குஷி.

"இருங்க அத்தை" என்று சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அடுப்பு நாலைந்து முயற்சியில் பற்றியது. ஒரு கல் உப்பு. ஒரு கொதி. இறக்கி, அரை மூடி எலுமிச்சை.

மாமியார் மறுபடி ஒரு விள்ளல் எடுத்தார். மென்றார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது! இது சின்ன மாப்ள பக்குவம்!"

பார்த்தீர்களா? உப்புப் போட்டவன் கையில் எலுமிச்சைத் தோலோடு நிற்கிறேன். பெயர் படத்தில் மாலையோடு சிரிக்கிறவருக்கு. இன்றைக்கு விடுவதில்லை என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயில் உங்கள் மகள் ஓர் உருண்டையைத் திணித்தாள்.

"சும்னிரி, தொட்டப்பா" என்று காதோடு என் பேச்சை அடக்கினாள். "அஜ்ஜி சாப்படறாங்க."

ஆமாம், அத்தை இன்னொரு கரண்டி சோறு கேட்டுக்கொண்டிருந்தார். உங்கள் மகள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அந்தக் கண்ணும் உங்களுடையதுதான், படுபாவி.

அடுத்த தடவை முதல் உருண்டை எனக்குத்தானாம்; போகும்போது சொல்லிவிட்டாள். பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு பொத்த இடம் இன்னும் எரிகிறது. சீக்கிரம் ஆறிவிடக்கூடாதே என்று மோர்கூடக் குடிக்காமல் இருக்கிறேன்.