சென்னை ரோபோவும் என் இடது முழங்காலும்

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

காலையில் இவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றும்போது என் இடது முழங்கால் மளுக்கென்றது. இவரையும் இழுத்துக்கொண்டு கட்டிலிலேயே விழுந்தேன். நிலத்தில் விழுந்திருந்தால்? பாரிசவாதம் வந்து இரண்டு வருடம். இவருடைய வலப்பக்கம் வேலை செய்யாது. எழுப்புவது, குளிக்க வார்ப்பது, படுக்க வைப்பது எல்லாம் நான்தான். நானும் விழுந்துவிட்டால் இவரை ஆர் தூக்குவது?

பெப்ரவரி 16, ஞாயிறு

றொகான் கனடாவிலிருந்து கதைத்தான். எங்களுக்கு அவன் ஒரு பிள்ளைதான். அவனுடைய அக்கறை எல்லாம் வீடியோவாக வந்து சேரும். இன்றைக்கு நாலு. எல்லாவற்றிலும் ஒரு வெள்ளை இயந்திரக் கை எலும்பைச் சீவுகிறது.

"அம்மா, உது ரோபோ. முதலே ஸ்கான் எடுத்து உங்கடை முழங்காலைக் கொம்பியூட்டரில அப்பிடியே கீறி வைச்சிருவினம். கீறின கோட்டைத் தாண்டி வெட்டாது. ஒரு மில்லிமீற்றர் பிசகாது. சென்னையில செய்யினம்."

"அப்பாவை ஆர் பாக்கிறது?"

"ஒரு மாசம்தானே அம்மா."

ஒரு மாதம்தானாம். தகப்பனை ஒருநாள் குளிக்க வார்த்திருப்பானா? அவ்வளவு தூரத்தில் இருந்து எப்படி வார்ப்பான், அதுவும் சரிதான். ஆனாலும் கோபம் வந்தது.

பெப்ரவரி 24, திங்கள்

யாழ்ப்பாணத்தில் எலும்பு டொக்டரைப் பார்த்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பும் எலும்பும் உரசுகிறதாம், மூட்டை மாற்றத்தான் வேண்டுமாம். ரோபோவைப் பற்றிக் கேட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை.

"ரோபோ தானா வெட்டாது அம்மா. அதையும் ஒரு டொக்டர்தான் பிடிக்கிறார். நான் அளவுச்சட்டம் வைச்சுக் கையால வெட்டுறன். ரோபோவில அளவு இன்னும் நுணுக்கம், அது உண்மை. ஆனா பத்து வருசம் கழிச்சு நடந்து திரியிற ஆக்களைப் பாத்தால் பெரிய வித்தியாசம் எண்டு இன்னும் தெளிவா ஒண்டும் இல்லை."

நேர்மையான மனுசன். அதுதான் எனக்குப் பயம். தன்னுடையதுதான் திறம் என்று சொல்லியிருந்தால் நானும் சண்டைக்கு நின்றிருப்பேன். மருந்து எழுதும்போது கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கவில்லை.

வெளிக்கிடும்போது கேட்டேன், மூட்டை மாற்றிய பிறகு கோயிலில் முழங்காலில் நிற்கலாமா என்று. "எந்த முறையில செய்தாலும் அது கஷ்டம் அம்மா. நிக்காமல் விடுறதுதான் நல்லது."

மார்ச் 6, வியாழன்

சென்னை என்று முடிவாகிவிட்டது. றொகான் 26ஆம் திகதிக்கு ரிக்கெற் போட்டுவிட்டான். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் வசந்தினி, இவருடைய தம்பியின் மகள், இவரைப் பார்த்துக்கொள்வாள்.

இவருக்குச் சொன்னேன். "போட்டு வா, ராணி" என்றார், ஒரு பக்க வாயால். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அந்தப் பக்கம் திரும்பத்தான் இவருக்குச் சுகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

வசந்தினி இவருக்குக் கஞ்சி பருக்கிப் பழகினாள். பாதி இவருடைய சேட்டில் சிந்தியது.

மார்ச் 14, வெள்ளி

தவக்காலத்துச் சிலுவைப்பாதை. இம்முறை ஒழுங்கைகளைச் சுற்றி வந்தது. எனக்கென்று ஒரு பிளாஸ்ரிக் கதிரை தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருக்கவில்லை. பதினான்கு தலத்திலும் முழந்தாட்படியிட்டேன், தாரிலும் கல்லிலும். ஒவ்வொரு தரமும் இரண்டு பெண்கள் கைபிடித்துத் தூக்கினார்கள். இனி வாழ்நாளில் ஏலாது என்றால் ஆண்டவருக்காகக் கடைசியாக ஒருமுறை, அவ்வளவுதான்.

மார்ச் 15, சனி

முழங்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் இல்லை. சேலைக்குள் ஒருவருக்கும் தெரியாது. சொல்லப் போவதும் இல்லை.

மார்ச் 19, புதன்

சென்னை டொக்டர் வீடியோவில் வந்தார். கனடாவிலிருந்து றொகானும் அதே அழைப்பில் இருந்தான். "முட்டியைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றார். என்ன செய்வது, காட்டினேன்.

"என்னம்மா காயம் இது? சீழ் வேற வச்சிருக்கு. இந்தத் தோல்ல கத்தி வைக்கவே கூடாது. கிருமி உள்ள போச்சுன்னா வச்ச மூட்டையே கழட்ட வேண்டி வரும். முதல்ல இது நல்லா ஆறட்டும்."

பயணம் நின்றுவிட்டது. டொக்டர் போன பிறகு றொகான், "அம்மா, உங்களுக்கென்ன விசரோ?" என்றான். கேட்கவேண்டிய கேள்விதான்.

மார்ச் 20, வியாழன்

சென்னையிலிருந்து முன்பே ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். தோலில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது என்று அதில் இருந்தது. வசந்தினிக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். அப்படியென்றால் — தெரியாமலா கல்லில் போய் நின்றேன்?

ஆண்டவருக்காக என்று போன வெள்ளி எழுதியிருக்கிறேன். அது அரைப்பொய். மற்றப் பாதியை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயணம் இல்லை என்று சொன்னதும் இவர் என் கையை இடக்கையால் பிடித்தார், கனநேரம் விடவில்லை. எனக்கும் சந்தோசமாக இருந்தது. எனக்குப் போக விருப்பமில்லை, அதைச் சொல்லத் துணிவும் இல்லை. பிள்ளையின் மனத்தையும் நோகடித்து, என் காலையும் கெடுத்து — எனக்கு விசர்தான்.

றொகானை நானே கூப்பிட்டேன். "உன்ரை அப்பாவை விட்டிட்டுப் போக எனக்கு ஏலாது, தம்பி."

"உதை முதலே சொல்லியிருக்கலாமே அம்மா."

"எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்."

மே 8, வியாழன்

காயம் ஆறிவிட்டது. நாளைக்கு இங்கேயே, அந்த நேர்மையான டொக்டரிடம், கையால். இப்போது பயம் வேறு மாதிரி. கோடு தவறினால்? கால் வளைந்துபோனால்? ஒரு மில்லிமீற்றர் எவ்வளவு என்று அடிமட்டத்தை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி போட்டும் சரியாகத் தெரியவில்லை. அவருக்குத் தெரியுமா?

மே 12, திங்கள்

உயிரோடு இருக்கிறேன். இரண்டாம் நாளே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். பின்னேரம் வசந்தினி இவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி மேல்மாடிக்கு இவரைக் கொண்டுவர வழியில்லை. இவர் கீழே ஓட்டோவுக்குள் இருந்து கை காட்டினார். நான் யன்னலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன்.

ஜூன் 3, செவ்வாய்

எழுபத்தைந்து பாகை. அதற்கு மேல் முழங்கால் மடங்குகிறதில்லை. பிசியோ செய்ய வரும் கோபிகா சின்னப் பிள்ளைதான், ஆனால் இரக்கம் மருந்துக்கும் இல்லை. நான் கத்திய கத்தலில் இவர் மற்ற அறையிலிருந்து "விடு பிள்ளை, விடு" என்றார்.

"என்னை நல்லா ஏசுங்கோ அம்மா. ஆனா மடக்குங்கோ."

நாக்கு நுனியில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "மெசினால செய்திருந்தால் மடங்கியிருக்குமோ?"

"மெசினால செய்தவையும் என்னட்டை உப்பிடித்தான் அழுகினம்."

என்னைத் தேற்றச் சொன்னாளோ உண்மையோ தெரியாது. றொகான் இன்னும் ஒருதரம்கூட "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லவில்லை. சொன்னால் திருப்பி ஏசலாம். வசந்தினிக்கு இவரைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துவிட்டது. அவளுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. இது இப்படியே நின்றுவிட்டால் இவரை எங்கே கொண்டுபோய் விடுவது? அதை யோசிக்கக்கூட எனக்கு ஏலாமல் கிடக்கு.

ஜூன் 11, புதன்

எண்பத்தொன்று. வாய்க்குள் சீலைத்துண்டைக் கடித்துக்கொண்டு.

ஜூலை 2, புதன்

நூற்றி நாலு. கோபிகா இரண்டு தரம் அளந்தாள். நான்தான் நம்பவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இவரைக் கதிரையில் இருத்தினேன். வசந்தினி பக்கத்தில் நின்றாள், கை வைக்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வெயில் தாழ்ந்த பிறகு இவரைச் சக்கர நாற்காலியில் வைத்து இறங்குதுறைவரை தள்ளிக்கொண்டு போனேன். நான் மட்டும்தான். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். எங்களுக்கு அரைமணி நேரம் எடுத்தது. முன்பு இவரோடு கடலுக்குப் போன பழைய தொழிலாட்கள் வலையை விட்டுவிட்டு வந்து, "அண்ணை, சுகமோ" என்று சுற்றி நின்றார்கள். இவர் ஒவ்வொருவரின் பெயரையும் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை அவர்கள் பொறுத்து நின்றார்கள்.

அவர்கள் போன பிறகு கனநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கால் நோகுதோ?"

"ஓம், நோகுது."

இவருடைய முகம் வாடிப்போனது. அப்போதுதான் நானும் கவனித்துப் பார்த்தேன்.

"இது மற்றக் கால். வலது."

இவர் சிரிக்கத் தொடங்கினார், சிரிக்க ஏலுமான பக்கத்தால். வீடு வந்து சேரும்வரைக்கும் நிறுத்தவில்லை.