ஆடு மூன்று நாள் கத்தும்

3 மார்ச் 1938, வியாழன். மலைமேல் குண்டூர் நாடு.

சேலத்திலிருந்து புத்தகம் வந்துவிட்டது. யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டர் எழுதியது. குரங்கிலிருந்து மனிதன் வந்த கதைதான், ஆனால் பாதிப் புத்தகம் பெண்ணின் மனதைப் பற்றி. ஒருத்தி ஏன் ஒருவனை விரும்புகிறாள், ஏன் விலகுகிறாள் என்பதற்கெல்லாம் விடை லட்சம் வருஷத்துக்கு முந்தைய காட்டில் இருக்கிறதாம்.

எனக்கு இது அவசியம். மார்கழியில் மலைக்காய்ச்சலில் குழந்தை போனது. அன்றிலிருந்து பழனாயி என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பள்ளிக்கூட வாத்தியார் நான், பெண்டாட்டி மனசு மட்டும் படிக்க வரவில்லை.

9 மார்ச்.

பெண்ணைக் கவர ஆண் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டுமாம், மயில் தோகை விரிப்பதைப் போல. தை மாதம் முதல் மறுபடி வளரவிட்ட மீசையை முறுக்கிக்கொண்டு, சரிகைத் துண்டும் போட்டு, அடுப்படியில் இரண்டு முறை நடந்தேன்.

"ஏனுங்க, எங்கியாச்சும் கண்ணாலத்துக்குப் போறீங்களா?" என்றாள். சிரிக்கவில்லை. மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு களி கிண்டப் போய்விட்டாள்.

கவனித்திருக்கிறாள். நல்லது.

17 மார்ச்.

இந்த மலையில் ஒருத்திக்குப் புருஷன் வேண்டாமென்றால் ஒரு துரும்பை இரண்டாக ஒடித்து அவன் கையில் கொடுத்துவிடுவாள். அத்தோடு தீர்ந்தது. காரணம் யாரும் கேட்பதில்லை. விறகு கொண்டுவரும் இருசாயி அப்படி ஒருவனை விட்டு வந்தவள். ஊர்ப் பெண்களையெல்லாம் கேட்டுக் குறிப்பெடுத்து வருகிறேன்; இவளையும் கேட்டேன்.

"எம்புள்ள செத்த மறுநாளே அவரு ஏரு பூட்டப் போயிட்டாருங்க. இப்ப இருக்கற இவரு அப்ப ஆரோ எவரோ. எங்கூட உக்காந்து அழுதாருங்க."

இரண்டாமவனுக்குப் பலா மரம் பதினொன்று. பெண் செழிப்பான இடம் தேடிப் போகிறாள் என்று குறித்துக்கொண்டேன். புத்தகம் சொல்வதும் அதையே.

உள்ளே பழனாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தின் சத்தம் நின்றது. அதை ஏன் எழுதுகிறேன்?

22 மார்ச்.

தூளிச் சேலை இன்னும் விட்டத்தில் தொங்குகிறது. அவிழ்க்க மாட்டேன் என்கிறாள். இன்று பக்குவமாக ஆறுதல் சொன்னேன்: "குட்டியைப் பறிகொடுத்த ஆடு மூன்று நாள் கத்தும். நாலாம் நாள் தழை தின்னும். இயற்கை அப்படி. நீயும் மனதைத் தேற்றிக்கொள்."

என்னையே பார்த்தாள். "செரிங்க" என்றாள்.

23 மார்ச்.

தூளியை அவிழ்த்துவிட்டாள். விஞ்ஞானம் பலிக்கிறது.

26 மார்ச், சனி.

அவள் தம்பி மருதாசலம் பேளுக்குறிச்சியிலிருந்து வந்தான். அவனோடு மலை இறங்கினாள். "பத்து நாள் இருந்துட்டு வாரேனுங்க." தூளிச் சேலையையும் மடித்து எடுத்துப் போயிருக்கிறாள்.

11 ஏப்ரல்.

பதினாறு நாள் ஆகிறது. வரவில்லை.

இருசாயி விறகைப் போட்டுவிட்டு நின்றாள். "என்னைய அம்புட்டுக் கேட்டீங்களே வாத்தியாரே, ஊட்டுக்குள்ள இருந்த புள்ளைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

குறிப்பில் பதினேழு பெண்கள் இருக்கிறார்கள். பழனாயி இல்லை. ஏன் கேக்கல? பயம், வேறென்ன — கேட்டா அவ அழுவா, நானும் அழணும்.

குழந்தையின் பேரைக்கூட இதில் ஒரு தடவை எழுதவில்லை. காளியாத்தாள். ஏழு மாதம். மடியில் வைத்தால் மீசையைப் பிடித்துத் தொங்குவாள். அதனால் பழனாயி சொல்லித்தான் மீசையை மழித்தேன். குழந்தை போனபின் வளர்ந்த மீசை இது. அதை முறுக்கிக்கொண்டா அந்தத் தாயின் முன்னால் நடந்தேன்? அடப் பாவி.

12 ஏப்ரல்.

மழித்துவிட்டேன். வருஷப் பிறப்பு கழிந்ததும் இறங்கிப் போய்க் கூப்பிட வேண்டும்.

18 ஏப்ரல், திங்கள்.

இன்று கிளம்ப இருந்தேன். மருதாசலமே வந்துவிட்டான், கையில் ஒரு சின்ன வாழையிலைப் பொட்டலம்.

"அக்கா குடுத்துச்சுங்க. உங்க கையிலதான் குடுக்கோணும்னு சொல்லுச்சு."

பிரித்தேன். ஒடித்த துரும்பு, இரண்டு துண்டு.

"இதென்னங்க மச்சான்? எங்கூர்ல இப்படியொண்ணும் பழக்கமில்லீங்களே."

ஏறி வந்த களைப்பில் இருந்தான். உட்காரச் சொன்னேன். களி கிண்டி, கீரை கடைந்து அவனுக்குப் போட்டேன். "நீங்க களி உங்கலீங்களா?" என்று கேட்டான். எனக்கு இறங்கவில்லை. நாலாம் நாள் தழை தின்னும் என்று சொன்னது இதே வாய்தான்.