இரண்டு கைக்கு ஒரு வாட்ச்

இன்று காலை சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு நம் வாட்சைத் தேய்த்துக் கழுவினேன். ஸ்டீல் பட்டையின் கண்ணிகளுக்குள் அடைந்திருந்த அழுக்கு இளகியதும் வார்னிஷ் வாசனை வந்தது. மோட்டார் காயிலுக்கு நாம் ஊற்றுகிற அதே வார்னிஷ். சட்டென்று உன் நினைப்பு வந்து, குழாயை மூட மறந்து நின்றுவிட்டேன்.

இன்று திங்கட்கிழமை. உன் மகள் ஷீபா இன்று முதல் நம் ஷெட்டுக்கு வேலைக்கு வருகிறாள். ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு என்று நாம் மாற்றிக் கட்டிய வாட்ச் இது. நீ போன இந்த இரண்டு வருடமாக என் கையிலேயே கிடந்தது. முறைப்படி உன் வாரத்தை அவளுக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்க மனசு வரவில்லை. உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

மோட்டார் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காயில் சுற்றியவர்கள் நாம். கணபதிப் பகுதியில் ஒரு தகரக் கொட்டகை பிடித்துச் சொந்தமாகத் தொடங்கியபோது, "பொம்பளைங்க சுத்துன மோட்டாரு எத்தன நாளைக்கு ஓடுமுங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். முதல் மோட்டாரைத் தொண்டாமுத்தூரில் ஒரு தென்னந்தோப்புக்காரர் வாங்கினார். அது வண்டி ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டே நீ சொன்னாய்: "பத்து வருசம் இது ரிப்பேருக்கு வராம ஓடிருச்சுன்னா, நாம ஒரு வாட்ச் வாங்கிக் கட்டறோம் அம்மணி."

ஓடியது. யானை வந்து மோட்டார் ரூம் கதவைப் பெயர்த்துப் போட்ட வருடமும் ஓடியது. பத்தாம் வருடம் தோப்புக்குப் போய், அது தண்ணீர் இறைப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, நேராகக் கடைக்குப் போனோம். எனக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

"மாப்பிள்ளைக்குங்களா?" என்றுதான் கடைக்காரப் பையன் ஆரம்பித்தான்.

"இல்லீங்க. எங்களுக்கு" என்றாய் நீ.

"ரெண்டு வாட்ச்சுங்களா?"

"ஒண்ணே ஒண்ணு. ரெண்டு சுமாரா வாங்கறதுக்கு ஒண்ணை உருப்படியா வாங்கிப்போடலாமுங்க."

அவன் கல் பதித்த தங்க நிற வாட்சுகளை எடுத்து வைத்தான். நீ தொடக்கூட இல்லை. "கல்லு பொடவைல மாட்டுமுங்க. பேட்டரி தீந்தா நிக்கறதும் வேண்டாம். கெணத்து மேட்டுக்கும் இதுதான், கல்யாணத்துக்கும் இதுதான். அப்படி ஒண்ணு எடுங்க."

பிறகு, ஒரு மோட்டாரைச் சோதிக்கிறவள் கேட்கிற கேள்வியாகக் கேட்டாய். தண்ணீர் புகுமா? பக்கத்துச் சாவித் திருகை இறுக்கிப் பூட்ட முடியுமா? கண்ணாடியில் கீறல் விழுமா? கடைசியில், "நாள் பூரா மோட்டாருங்க பக்கத்துல இருக்கற கைங்க. காந்தம் ஏறி மணி தப்பாக் காட்டாதுங்களா?" என்றாய். பையன் உள்ளே ஓடினான். உள்ளேயிருந்து மேனேஜரே எழுந்து வந்து, "உக்காருங்க மேடம்" என்றார். அந்த நாற்காலிகளில் நாம் உட்கார்ந்த மிடுக்கை இன்று நினைத்தாலும் எனக்கு மார்பு நிமிர்கிறது.

காந்தம் தாங்குகிற ஸ்டீல் வாட்ச் ஒன்றை அவர் காட்டினார். "சாவி குடுக்கற வேலையே இல்லீங்க. கை அசையற அசைவுல தானா ஏறிக்கும்" என்றார். அதில் எனக்கு மயில்கழுத்துக் கலர் முகப்பு வேண்டும். நீ கறுப்புதான் என்றாய். "உன்ற மயிலு எத்தன பொடவைக்குச் சேரும் சொல்லு?" கறுப்பே வாங்கினோம். வீடு வரைக்கும் நான் உர்ரென்று வந்தேன். ஆனால் நீ அதைக் கட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனாய், நான் கட்டிக்கொண்டு மாரியம்மன் நோம்பிக்குப் போனேன், இரண்டுக்கும் பொருந்தியது. நீ சொன்னதுதான் சரி. நீ இருந்தவரை இதை நான் ஒப்புக்கொண்டதே கிடையாது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கை மாறும். உன் மணிக்கட்டு பெரிது. ஊக்கு முனையால் கொக்கியை இரண்டு துளை தள்ளினால் உனக்கு, இழுத்தால் எனக்கு. நீ மணி பார்ப்பதே ஒரு தோரணை: முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி. "ஊருக்கே காட்டோணுமா?" என்று கேலி செய்வேன். "ஆமா, காட்டோணும். சும்மாவா வாங்குனோம்?" என்பாய்.

நீ நோயில் படுத்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை உன்னைப் பார்க்க வந்தேன். வாட்ச் உன் கையில் நின்று போயிருந்தது. "கை ஆடலீன்னா இதும் நின்னுபோகுது பாரு. எடுத்துட்டுப் போ புள்ள, நடக்கற கையில இருக்கட்டும்" என்றாய். நான் எடுக்கவில்லை. எடுத்தால் நீ எழுந்திருக்க மாட்டாய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று பயம். மூன்று திங்கட்கிழமை அப்படியே திரும்பி வந்தேன். நான்காவது திங்கட்கிழமை ஷீபாதான் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு நீ இல்லை.

நீ கொடுத்தபோதே நான் வாங்கியிருக்க வேண்டும். அது ஓடுவதை ஒருமுறை பார்த்துவிட்டாவது போயிருப்பாய்.

அதனால்தான் இன்று ஒன்பது மணிக்கு வாட்சைக் கழற்றினேன். ஊக்கை எடுத்து இரண்டு துளை தள்ளினேன். ஷீபா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேண்டாங்க பெரியம்மா. நீங்களே கட்டிக்கோங்க."

"சும்மா ஒண்ணும் குடுக்கல கண்ணு. அடுத்த திங்கக்கெழம ஒம்பது மணிக்கு என்ற கைக்கு வந்துரோணும்."

கட்டினேன். அதற்கு மேல் அளவு மாற்ற வேண்டியிருக்கவில்லை, உன் மணிக்கட்டேதான்.

என் கையில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. சற்று நேரம் கழித்து, "மணி என்னாச்சு கண்ணு?" என்றேன். காயிலைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். "பத்து இருபதுங்க பெரியம்மா."

சாயங்காலத்துக்குள் ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பேன். கடைசியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரியம்மா, உங்க தலைக்கு நேரா செவுத்துல கடியாரம் இருக்குதுங்களே!"

இருக்கட்டுமே. அந்தக் கடிகாரம் முழங்கையைத் தூக்குமா?